எச்சிலில் வாழும் ஃபேஜ்களைத் தேடுங்கள்
பல் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,



பல் மருத்துவக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். நுண்ணுயிரியல் கற்பிப்பது என் வேலை. இரண்டாம் ஆண்டில் நீங்களும் அந்தப் பாடத்தைப் படித்திருப்பீர்கள். அதில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி ஒரு சிறு பகுதி வரும். பட்டை தீட்டியதுபோல் ஒரு தலை, குழல் போன்ற வால், சிலந்திக் கால்கள் என்று ஒரு படமும் இருக்கும். படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அத்தோடு அந்த வைரஸை மறந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் படத்தில் இருப்பது, நாளை உங்கள் முன் நாற்காலியில் வந்து உட்காரப்போகும் ஒவ்வொருவரின் வாயிலும் கோடிக்கணக்கில் இருக்கிறது. அதை உங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகும் வைரஸ்களை பாக்டீரியோஃபேஜ் என்கிறோம், சுருக்கமாக ஃபேஜ். அமெரிக்காவில் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரைடின் குழு, நலமாக இருக்கும் மனிதர்களின் எச்சிலை எடுத்து ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் சுமார் பத்துக் கோடி வைரஸ் துகள்கள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஃபேஜ்கள். ஒரு நாளில் ஒரு லிட்டர் எச்சில் சுரக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாம் ஒவ்வொருவரும் தினமும் பத்தாயிரம் கோடி ஃபேஜ்களை விழுங்குகிறோம். அவை நம் உடல் செல்களுக்குள் புகுந்து பெருகுவதில்லை. அவற்றின் இலக்கு வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மட்டுமே. மனித வாய்களில் இதுவரை அடையாளம் கண்ட பாக்டீரிய இனங்கள் 700க்கு மேல் இருக்கும். பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், நாக்கின் சொரசொரப்பில், கன்னத்தின் உட்புறத்தில் என்று ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு கூட்டம். எங்கே பாக்டீரியா உண்டோ அங்கே அதற்கான ஃபேஜும் உண்டு.

பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுத்து முதன்முதலாக உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர்க்காரரான லேவன்ஹுக். துணி வியாபாரியான அவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே சின்னஞ்சிறு உயிர்கள் நெளிவதைக் கண்டு 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். நுண்ணுயிரியலின் பிள்ளையார் சுழிகளில் ஒன்று உங்கள் துறையின் பற்படலத்தில்தான் விழுந்தது. ஆனால் அந்த பாக்டீரியாக்களைத் தொற்றி நின்ற ஃபேஜ்கள் அவர் கண்ணில் படவில்லை, படவும் முடியாது. பெரும்பாலான ஃபேஜ்கள் 200 நானோமீட்டருக்கும் சிறியவை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, 1940 வாக்கில்தான் அவற்றின் உருவத்தை மனிதர்கள் பார்த்தார்கள்.

உருவத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவற்றின் வேலையைப் பார்த்துவிட்டார்கள். அந்தக் கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹேங்கின் என்ற ஆங்கிலேய பாக்டீரியவியலாளர், கங்கை, யமுனை ஆறுகளின் தண்ணீரில் காலராக் கிருமிகள் விரைவில் மடிந்துபோவதையும், காய்ச்சிய தண்ணீருக்கு அந்தத் திறன் இல்லாமல் போவதையும் 1896இல் எழுதினார். அது ஃபேஜின் வேலையாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்த பலர் கருதினார்கள். 1915இல் லண்டனில் ஃபிரெடரிக் டுவர்ட்டும், 1917இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தார்கள். பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்தவர் டெரெல். 1920களின் இறுதியில் அவர் இந்தியாவுக்கே வந்து காலரா நோயாளிகளிடம் ஃபேஜ் மருந்தைச் சோதித்துப் பார்த்தார்.

ஃபேஜ் வேலை செய்யும் விதத்தை நீங்கள் படித்திருந்தாலும், வாயை மனத்தில் வைத்து ஒருமுறை மீண்டும் பாருங்கள். ஃபேஜ் தன் வாலின் நுனியால் பாக்டீரியாவின் சுவரில் உள்ள ஒரு குறிப்பிட்ட மூலக்கூற்றைப் பிடிக்கிறது. அந்த மூலக்கூறு இல்லாத பாக்டீரியாவை அது சீண்டுவதில்லை. பிடி கிடைத்ததும் தன் டி.என்.ஏவை உள்ளே செலுத்துகிறது. அதன்பின் இரண்டு வழிகள். ஒன்று கொல்லும் வழி. பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் தன் பிரதிகளைச் செய்யத் திருப்பிவிட்டு, கடைசியில் ஒரு நொதியால் சுவரை அறுத்து, பிரதிகளோடு வெளியேறுகிறது. இன்னொன்று பதுங்கும் வழி. ஃபேஜின் டி.என்.ஏ பாக்டீரியாவின் டி.என்.ஏவோடு ஒட்டிக்கொள்கிறது. பாக்டீரியா பிரியும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து பிரிகிறது. தலைமுறை தலைமுறையாக எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிட்டு, பாக்டீரியாவின் டி.என்.ஏ சேதமாகும் நெருக்கடி வரும்போது விழித்துக்கொண்டு கொல்லும் வழிக்கு மாறிவிடும். வாயில் காணப்படும் ஃபேஜ்களில் பதுங்கும் வகை நிறையவே உண்டு.

ஃபேஜ்களை நமக்கு நல்லது செய்யும் கூட்டம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பதுங்கும் ஃபேஜ், தான் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குப் புதிய ஆற்றல்களைக் கொடுக்கும். தொண்டை அடைப்பான் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உண்டாக்கும் பாக்டீரியாவிடம் எல்லாச் சமயத்திலும் நஞ்சு இருப்பதில்லை. நஞ்சில்லாத பாக்டீரியாவை ஒரு ஃபேஜ் தொற்றியதும் அது நஞ்சுள்ளதாக மாறுவதை 1951இல் அமெரிக்காவின் சியாட்டிலில் விக்டர் ஃபிரீமன் காட்டினார். குழந்தைகளின் மூச்சை அடைத்துக் கொன்ற அந்த நஞ்சின் மரபணுவைச் சுமந்துவந்தது ஒரு வைரஸ். இன்று கைக்குழந்தைக்கு நாம் போடும் தடுப்பூசி அந்த நஞ்சுக்கு எதிரானதுதான். செங்காய்ச்சலுக்குக் காரணமான தொண்டைக் கிருமியின் நஞ்சுகளில் ஒன்றும் ஃபேஜ் வழியாக வந்ததே.

இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் உங்கள் அன்றாட வேலையிலேயே இருக்கிறது. பல்லைப் பிடுங்கும் முன், இதய வால்வில் கோளாறு உண்டா, வால்வு மாற்றியிருக்கிறதா என்று கேட்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பல் பிடுங்கும்போது வாயில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே சேதமான வால்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்பதே அந்தக் கேள்விக்குக் காரணம். ஒட்டுவதற்கு அவற்றுக்குப் பிடிமானம் வேண்டுமல்லவா? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் என்னும் சாதுவான வாய்ப் பாக்டீரியாவின் ஒரு திரிபில், ரத்தத் தட்டணுக்களைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு புரதங்களை சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றின் மரபணுக்களைத் தேடிப்போனபோது, 2001இல், அவை பாக்டீரியாவின் சொந்த மரபணுக்கள் இல்லை என்று தெரிந்தது. எஸ்.எம்.1 என்ற பதுங்கிய ஃபேஜுக்குள் அவை இருந்தன. வாய்க்குள் தொல்லை தராமல் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு, இதயத்தில் ஒட்டுவதற்கான கருவியை ஃபேஜ் கொடுத்திருக்கிறது. நோயாளியிடம் நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இப்படி ஒரு வைரஸும் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மறுபக்கம், ஃபேஜ்கள் நம் ஈறைக் காப்பதாகக் கருதவும் காரணம் உண்டு. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரமி பார், ஃபாரஸ்ட் ரோவர் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பவளப் பூச்சியிலிருந்து மனிதன் வரை பல உயிர்களின் சளிப்படலத்தை எடுத்துப் பார்த்தார்கள். சுற்றுப்புறத்தைவிடச் சளிப்படலத்தில் பாக்டீரியாவுக்கு இத்தனை ஃபேஜ் என்ற விகிதம் கூடுதலாக இருந்தது. மனித ஈறின் மேல் படிந்த சளியும் அவர்கள் பார்த்தவற்றில் ஒன்று. சில ஃபேஜ்களின் தலைமேல் உள்ள புரதங்கள் சளியின் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பற்றி நிற்கும் ஃபேஜ்கள், அந்த வழியே திசுவுக்குள் நுழையப் பார்க்கும் பாக்டீரியாவை மறிக்கின்றன. நம் உடல் செய்யாத, ஆனால் உடலுக்குப் பயன்படும் ஒரு காவல் இது.

ஆக ஃபேஜ் நல்லதா கெட்டதா என்ற கேள்வியோடு வந்தால் விடை கிடைக்காது. எந்த ஃபேஜ், எந்த பாக்டீரியாவில், எந்த வழியில் என்று கேட்கப் பழக வேண்டும். ஈறு நோயில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பிரைடின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு நோய் உள்ளவர்களின் வாயில் இருந்த வைரஸ் கூட்டம், நலமானவர்களின் வாயில் இருந்த கூட்டத்திலிருந்து வேறுபட்டிருந்தது. ஈறுக்கு அடியில் படிந்த படலத்தில், பெரும்பாலும் கொல்லும் வழியில் செல்லும் மயோவைரஸ் என்ற வகை ஃபேஜ்கள் நோயாளிகளிடம் அதிகமாக இருந்தன. பாக்டீரியாக்கள் மாறியதால் ஃபேஜ்கள் மாறினவா, ஃபேஜ்கள் மாறியதால் பாக்டீரியாக்கள் மாறினவா? ஒரு முறை எடுத்த மாதிரியைக் கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே நோயாளியை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பவர்களால்தான் முடியும். அந்த வாய்ப்பு ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கிடையாது. உங்களுக்கு உண்டு.

அதே குழுவின் வேறு ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஒருவருடைய வாயின் ஃபேஜ் கூட்டம் அவருக்கே உரியது. 60 நாட்கள் தொடர்ந்து பார்த்தபோதும் அதில் கணிசமான பகுதி மாறாமல் இருந்தது. ஒரே வீட்டில் வாழ்பவர்களின் வாய்களில் பொதுவான ஃபேஜ்கள் கூடுதலாக இருந்தன. ஒரே பானையில் உண்டு, ஒரே கூரையின் கீழ் மூச்சுவிட்டு வாழும் குடும்பத்தில் நாம் ஃபேஜ்களையும் பகிர்ந்துகொள்கிறோம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக்கா ஹார்ட்மன் குழு பழைய பல் துலக்கும் பிரஷ்களையும் குளியலறை ஷவர் முனைகளையும் ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவில், 600க்கும் மேற்பட்ட வெவ்வேறு வைரஸ்கள் அவற்றில் இருந்ததாகச் சொல்கிறது. எல்லாமே பாக்டீரியாவைத் தாக்குபவை. அவற்றில் பலவற்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஃபேஜுக்கும் பாக்டீரியாவுக்கும் இடையே நடக்கும் போரின் பதிவுகளும் வாயிலேயே கிடைக்கின்றன. ஃபேஜிடமிருந்து தப்பிய பாக்டீரியா, அந்த ஃபேஜின் டி.என்.ஏவில் ஒரு துண்டை வெட்டித் தன் டி.என்.ஏவில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதே ஃபேஜ் மறுபடி வந்தால் அந்தத் துண்டை வைத்து அடையாளம் கண்டு வெட்டிவிடுகிறது. கிரிஸ்ப்பர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் ஏற்பாடு இதுதான். இது ஃபேஜ் எதிர்ப்புக்காக இருக்கிறது என்பதை 2007இல் தயிர் உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை வைத்து நிரூபித்தார்கள். மரபணுத் திருத்தத்துக்காக 2020இல் எம்மானுவேல் ஷார்பென்டியேவுக்கும் ஜெனிஃபர் டௌட்னாவுக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்த கேஸ்9 என்ற கத்தரிக்கோல், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்னும் தொண்டைக் கிருமியிடமிருந்து எடுத்தது. தொண்டையில் ஃபேஜோடு போராடிப் பிழைக்க ஒரு பாக்டீரியா வைத்திருந்த ஆயுதம், இன்று அரிவாள் செல் ரத்தசோகைக்கு மருந்தாகியிருக்கிறது.

சொத்தைப் பல்லோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவை லண்டனில் கிளார்க் பிரித்தெடுத்தது 1924இல். அதைக் கொல்லும் ஃபேஜ்கள் அரிதாகவே அகப்படுகின்றன. எம்102, இ10, எஃப்1 என்று 1993இல் விவரித்த மூன்று ஃபேஜ்களை இன்றும் ஆய்வாளர்கள் கையாளுகிறார்கள். அவை முறையே சி, இ, எஃப் என்ற மூன்று வகை மியூட்டன்ஸைத் தாக்கும். ஒன்றின் ஃபேஜ் மற்றொன்றைத் தாக்காது. பாக்டீரியாவின் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலி சற்றே மாறினாலும் ஃபேஜுக்குப் பிடி கிடைப்பதில்லை. இவ்வளவு அரிதாகக் கிடைத்தாலும், சூரிச்சில் யான் வான் டெர் ப்ளூக் மியூட்டன்ஸின் கிரிஸ்ப்பர் பதிவுகளை 2009இல் படித்துப் பார்த்தபோது, எம்102 போன்ற ஃபேஜ்களின் துண்டுகள் பல திரிபுகளில் இருந்தன. அப்படியானால் அந்த ஃபேஜ்கள் மனித வாய்களில் அடிக்கடி வந்து போயிருக்கின்றன. நாம்தான் போதுமான வாய்களில் தேடவில்லை.

இந்தத் தேடல் ஏன் இப்போது வேண்டும் என்று கேட்பீர்கள். கிளினிக்கில் எழுதும் மருந்துச்சீட்டைப் பாருங்கள். பல்வலி என்று வந்தவருக்கு அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் எழுதுவது கை தானாகச் செய்யும் பழக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு. பல்லின் உள்ளே இருக்கும் கூழ் அழற்சியால் வரும் வலிக்கு ஆன்டிபயாட்டிக் பயன் தராது. பல்லைத் திறந்து சுத்தம் செய்வதே சிகிச்சை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் வாயிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பாற்றல் பயிற்சி தருகிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாக லான்செட் இதழ் 2022இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கில் நம் பங்கும் உண்டு என்று ஏற்றுக்கொள்ளும் நேர்மை பல் மருத்துவத்துக்கும் வேண்டும், நுண்ணுயிரியலுக்கும் வேண்டும்.

அந்த இடத்தில்தான் ஃபேஜ் மருத்துவம் மீண்டும் பேசப்படுகிறது. ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் ஜியார்ஜி எலியாவா 1923இல் தொடங்கிய நிறுவனம், ஸ்டாலின் ஆட்சியில் 1937இல் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகும், ஆன்டிபயாட்டிக் வந்து மேற்கு நாடுகள் ஃபேஜைக் கைவிட்ட பிறகும், தன் ஃபேஜ் சேகரிப்பைக் காத்துவந்தது. 2016இல் சான் டியேகோவில், எந்த மருந்துக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் தொற்றால் உயிருக்குப் போராடிய டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியரை ஃபேஜ் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவருக்கு உரிய ஃபேஜ்களைப் பல ஆய்வகங்களின் சேகரிப்பில் தேடித்தான் எடுத்தார்கள். சேகரிப்பு இருந்ததால்தான் அந்த உயிர் தப்பியது.

வாய்க்கான முயற்சிகளும் தொடங்கியிருக்கின்றன. வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி சீழ் வைத்து வரும்போது, உள்ளே அடிக்கடி அகப்படும் பாக்டீரியா என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரோனன் ஹசானின் குழு, நகரின் கழிவுநீரிலிருந்தே அதற்கு ஒரு ஃபேஜைப் பிடித்தது. இஎஃப்டிஜி1 என்று பெயரிட்ட அந்த ஃபேஜ், பாக்டீரியாப் படலத்தை வெகுவாகக் குறைத்ததையும், பிடுங்கிய பல்லின் வேர்க்குழாயில் தொற்றைத் தடுத்ததையும் 2015இல் காட்டினார்கள். படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊடுருவத் திணறும் இடத்தில் ஃபேஜ் வேலை செய்தது. ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் ஃபியூசோபாக்டீரியத்தைக் கொல்லும் எஃப்.என்.யு.1 என்ற ஃபேஜை 2019இல் விவரித்தார்கள். இவையெல்லாம் ஆய்வகத்தில் கண்டவை. நோயாளிக்கு எழுதித் தரும் நிலைக்கு இன்னும் வரவில்லை. ஃபேஜ் கலந்த பற்பசை, ஃபேஜ் கலந்த மிட்டாய் என்று யாராவது விற்க வந்தால் ஆதாரம் கேளுங்கள். நோயாளியின் நம்பிக்கையை விளம்பரத்துக்கு அடகு வைக்காதீர்கள்.

தேடுவதற்குப் பெரிய பணம் வேண்டாம் என்பதால்தான் உங்களிடம் இதைக் கேட்கத் துணிகிறேன். வழியைச் சொல்கிறேன். ஒப்புதல் பெற்று எடுத்த எச்சிலை அல்லது சுரண்டிய படலத்தைக் கரைத்த நீரை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரை 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் சிரிஞ்சு வைத்து அழுத்துங்கள். பாக்டீரியா வடிகட்டியில் நின்றுவிடும், ஃபேஜ் இறங்கிவிடும். முந்திய நாள் வளர்த்த பாக்டீரியாவில் சிறிதளவு எடுத்து, இந்த வடிநீரோடு கலந்து, கைபொறுக்கும் சூட்டில் உருகி நிற்கும் மென்மையான அகாரில் சேர்த்து, ஏற்கெனவே அகார் ஊற்றிய பெட்ரி தட்டின் மேல் பரப்புங்கள். மியூட்டன்ஸ் என்றால், தட்டுகளை அடுக்கிய ஜாடிக்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மூடினால் போதும். அது அணையும்போது பாக்டீரியாவுக்குப் பிடித்த அளவு கரியமில வாயு சேர்ந்திருக்கும். 37 டிகிரியில் வையுங்கள்.

மறுநாள் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாக்டீரியா வளர்ந்து தட்டு முழுக்க மங்கலாக, பால் தெளித்ததுபோல் இருக்கும். ஃபேஜ் இருந்தால் அந்த மங்கலின் நடுவே குண்டூசித் தலையளவு தெளிந்த வட்டங்கள் தெரியும். ஒரு ஃபேஜ் ஒரு பாக்டீரியாவைக் கொன்று, வெளியே வந்த பிரதிகள் பக்கத்தில் உள்ளவற்றைக் கொன்று, அப்படியே பரவியதன் தடம் ஒவ்வொரு வட்டமும். வட்டத்தின் ஓரம் கூர்மையாக, நடு முழுக்கத் தெளிவாக இருந்தால் அது கொல்லும் வழியில் செல்லும் ஃபேஜாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் மறுபடி பாக்டீரியா முளைத்துக் கலங்கலாக இருந்தால் பதுங்கும் வகையாக இருக்கலாம். வட்டங்களை எண்ணி, எத்தனை மடங்கு நீர்த்துப்போகச் செய்தீர்களோ அதனால் பெருக்கி, தட்டில் சேர்த்த வடிநீரின் அளவால் வகுத்தால் எச்சிலில் அந்த ஃபேஜ் எவ்வளவு என்று கணக்கும் வந்துவிடும். நூறாண்டுக்கு முன் டெரெல் செய்ததும் ஏறத்தாழ இதைத்தான்.

பெரும்பாலான தட்டுகளில் ஒன்றுமே தெரியாது. அதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எந்த வயதினர், வெற்றிலை போடுபவரா, புகைப்பவரா, சர்க்கரை நோய் உண்டா, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா என்ற விவரங்களை, பெயர் இல்லாமல், ஒழுங்காகப் பதியுங்கள். வாய்க்கு வாய் பாக்டீரியாத் திரிபுகள் மாறுவதால் எங்கோ ஒரு நாட்டில் பிடித்த ஃபேஜ் நம் நோயாளியின் பாக்டீரியாவைத் தாக்கும் என்று சொல்ல முடியாது. நம் மக்களின் வாய்க்கு உரிய ஃபேஜ்களை நாமே தேடித்தான் ஆக வேண்டும்.

சில எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதமும் இல்லாமல் ஒரு சொட்டு எச்சிலையும் எடுக்காதீர்கள். ஆசிரியரின் மேற்பார்வை இல்லாமல் நோய்க்கிருமியை வளர்க்காதீர்கள். பிடித்த ஃபேஜின் மரபணு வரிசை முழுவதையும் படித்து, அதில் நஞ்சின் மரபணுவோ மருந்து எதிர்ப்பு மரபணுவோ பதுங்கும் கருவியோ இல்லை என்று உறுதியாகும் வரை சிகிச்சையைப் பற்றிப் பேசவே கூடாது. தொண்டை அடைப்பான் கதை நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது. ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏவைத் தவறுதலாக எடுத்துக்கொண்டுபோய் இன்னொன்றில் சேர்க்கும் ஃபேஜ்களும் உண்டு.

ஒவ்வொரு நாளும் உங்கள் கல்லூரி மருத்துவமனையில் எத்தனை பற்களைப் பிடுங்குகிறீர்கள், எவ்வளவு காரையைச் சுரண்டுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் மஞ்சள் பைக்குள் போய் எரிந்துவிடுகின்றன. இன்னொரு பக்கம், கலைக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள். அவர்களிடம் இன்குபேட்டர் இருக்கிறது, உங்களிடம் மாதிரி இருக்கிறது. இரண்டு கல்லூரிகளும் பேசிக்கொண்டாலே வேலை பாதி முடிந்துவிடும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இந்த ஆண்டே உங்கள் வகுப்பில் ஐந்தாறு பேர் சேர்ந்து, துறைத்தலைவரிடம் ஃபேஜ் தேடும் ஒரு சிறு ஆய்வுக்கு அனுமதி கேளுங்கள். இரண்டாவது, கிடைத்த ஃபேஜையும் அது தாக்கும் பாக்டீரியாவையும் எறியாமல், முறையாக உறையவைத்துச் சேமியுங்கள். பக்கத்துக் கல்லூரி கேட்டால் கொடுங்கள். மூன்றாவது, ஃபேஜ் மருந்து வரும்வரை, தேவையில்லாத ஓர் ஆன்டிபயாட்டிக் சீட்டைக்கூட எழுதாதீர்கள். நோயாளி வற்புறுத்தினாலும் பொறுமையாக விளக்கி அனுப்புங்கள். முதலிரண்டுக்கும் அனுமதி கிடைக்கத் தாமதமாகலாம். மூன்றாவதை நாளைக் காலையே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் நுண்ணுயிரியல் ஆசிரியர்களுள் ஒருவன்